அழகர் தோசையும் அம்மாவின் விரதமும்

அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தாண்டலைல?" என்பதுதான். தாண்டவில்லை என்றால் மிச்சமிருக்கும் இடத்தில் கொஞ்சம் கேசரி வைக்கலாம் என்கிற ஆசை அந்தக் கேள்விக்குள் இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூணு மாசம் தாரேன். நடங்க, வாயைக் கட்டுங்க. கொறையலைன்னா மாத்திரை ஆரம்பிச்சிரலாம்."

மாத்திரை என்றதும் அம்மா கேசரியை மறந்துவிட்டார். ஆட்டோவில் வீடு திரும்பும்போது வழி நெடுகத் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் காரணம் தெரியும். என் பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, அரை மாத்திரையில் தொடங்கியது முழு மாத்திரையாகி, ஊசியாகி, போன வருடம் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்ததில் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் கூட இருந்து கட்டுப் பிரித்துக் கட்டியது அம்மாதான். "எனக்கு ஆரம்பத்துல எல்லையிலதான்டி நின்னுச்சு" என்று பெரியம்மா படுக்கையில் சொன்னதை அம்மா மறக்கவே இல்லை. மாத்திரையால் விரல் போகவில்லை, மாத்திரையைப் போடாமல் ஏமாற்றியதால் போனது என்று நான் ஆட்டோவிலேயே விளக்கினேன். அம்மா காதில் அது ஏறவில்லை. அவருக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பத்து விரலும்.

நான் வீட்டிலிருந்தபடியே கணினி முன்னால் உட்கார்ந்து பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். எதையாவது கற்றுக்கொள்ளத் தொடங்கினால் அன்றைக்கே கரை கண்டுவிட வேண்டும் எனக்கு. அன்று மாலைக்குள் ஆரோக்கியத்தைப் பற்றி எத்தனையோ வீடியோக்களைப் பார்த்து முடித்துவிட்டேன். ஓட்ஸ் வந்தது. சியா விதை வந்தது. ஃபிரிட்ஜ் கதவில் மஞ்சள் சீட்டில் "உன்னால் முடியும்!" என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் "கேஸ் சிலிண்டர் சொல்லணும்" என்று இருந்தது.

அப்பா சியா விதை ஊறிய டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சர்பத்துல மெதக்குமே, அந்த வெதைதானே இது? இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? கூடக் கொஞ்சம் நன்னாரியும் சீனியும் ஊத்து, நானும் ஒரு டம்ளர் குடிக்கிறேன்."

எங்கள் வீடு மதுரையில், தெப்பக்குளத்துக்கு அடுத்த தெரு. விடியற்காலையில் அதைச் சுற்றி நடக்கிறவர்கள் ஏராளம். முதல் நாள் அம்மா கிளம்பியதைப் பார்த்தால் நடைக்குப் போகிறவர் மாதிரி இல்லை. சேலை மடிப்பு கலையாமல், கைப்பையோடு, கல்யாண வீட்டுக்குப் போகிற தோரணை. ஒவ்வொரு மூலையிலும் தெரிந்த முகம். "பொண்ணு எந்த ஊர்ல இருக்கு?", "மாமியாருக்கு இப்ப தேவலையா?" என்று விசாரித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. துணைக்கு வந்த அப்பா பருத்திப்பால் வண்டியைப் பார்த்ததும் நின்றார்.

"ஒடம்புக்கு நல்லதும்மா. கருப்பட்டிதான், சீனி கெடையாது."

"ஆமால்ல" என்று அம்மா டம்ளரை வாங்கினார். நான் தலையில் கை வைத்தேன்.

ஆனாலும் நடை ஒரு வாரத்தில் சீராகிவிட்டது. சிக்கல் காலில் இல்லை, வாயில் இருந்தது. அதாவது, "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத வாயில்.

அம்மா ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். அந்த அலுவலகத்தில் ஒரு நாளாவது யாருக்கும் எதுவும் நல்லது நடக்காமல் இருக்காது போலிருக்கிறது. ஒருவர் பைக் வாங்குவார், மைசூர்பாகு வரும். இன்னொருவர் மகள் பாஸாவாள், பால்கோவா வரும். யாருக்கும் ஒன்றும் நடக்காத நாளில் பதினொரு மணிக்கு வெறும் பஜ்ஜி வரும். முதல் நாள் அம்மா "டயட்ல இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அலுவலகமே சிரித்ததாம்.

"டயட்டா? உங்களுக்கா? இனிமே யாருக்கு மேடம் காட்டப் போறீங்க?"

"அட, ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராது. நான் ஆசையா குடுக்கிறேன், வேணாங்குறீங்க."

சர்க்கரை என்று உண்மையைச் சொல்லவும் அவருக்கு விருப்பமில்லை. சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் வரும். வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டை. அப்புறம் யாருக்காவது கால் போன கதையும் வரும். அதனால் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். மாலையில் செருப்பைக் கழற்றும்போதே வாக்குமூலம் தொடங்கும்.

"ஒரே ஒரு மைசூர்பாகுடி. பாவம், அந்தப் பய மொத மொதல்ல பைக் வாங்கியிருக்கான்."

"அம்மா, அவன் பைக் வாங்குனதுக்கு உனக்கு ஏம்மா சுகர் ஏறணும்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அம்மாவோடு வேலை பார்ப்பவர். தினமும் பஸ்ஸில் வரும்போது பரவை மார்க்கெட்டிலிருந்து அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் காய்கறி சுமந்து வரும் நல்ல மனசுக்காரர். அன்று டப்பா நிறைய அதிரசம். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நேத்து ராத்திரி எங்கையால சுட்டது. வேணாம்னு சொன்னீங்க, நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன்."

அம்மா என்னைப் பார்த்தார். அதிரசத்தைப் பார்த்தார். கை கிளம்பிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, குறுக்கே பாய்ந்து கத்தினேன்.

"அக்கா, அம்மா விரதம்!"

அதிரசம் அந்தரத்தில் நின்றது.

"என்ன விரதம்?"

எதிரே சுவரில் மளிகைக்கடைக் காலண்டர். அதில் குதிரை மேல் அழகர்.

"அழகருக்கு. இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் தொடக்கூடாது. விடியமுன்ன எந்திரிச்சு நடக்கணும்."

அக்கா டப்பாவைப் பட்டென்று மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சொல்லவே இல்ல பாருங்க! நான் பாட்டுக்கு நீட்டிட்டேன். சாமி குத்தம் ஆயிருக்கும்ல?"

டயட் என்ற சொல்லால் முடியாததை விரதம் என்ற சொல் ஒரு நொடியில் முடித்துவிட்டது. நான் பூரித்துப்போனேன். அக்கா போன பிறகு அம்மா என்னை வைத வசவில் மட்டும் அந்தப் பூரிப்பு கொஞ்சம் வடிந்தது.

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிருக்கயே, அவருக்கு யாருடி பதில் சொல்றது?"

பதிலை அவரே சொன்னார். மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு, நூலில் மஞ்சள் தடவி, காலண்டருக்கு முன்னால் நின்று தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொண்டார். என் காதில் விழும்படியாகவே வேண்டினார்.

"டாக்டரம்மா சொன்ன நாள் வரைக்கும் இனிப்பும் எண்ணெயும் தொடலப்பா. இவ சொன்ன பொய்ய உண்மைன்னு வரவு வச்சுக்க."

அலுவலகத்தில் நிலைமை தலைகீழானது. கேக் தட்டு அம்மாவின் மேசையை மரியாதையோடு சுற்றிக்கொண்டு போனது. பஜ்ஜி தின்கிறவர்கள் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார்கள். நான் என் சிநேகிதிகள் எல்லாருக்கும் போன் போட்டு, பெண்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கான மாபெரும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தேன். என்னிடம் பொறுமை கொஞ்சம் இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து அறிவித்திருப்பேன்.

முதல் குடைச்சல், விரதம் எதற்காக என்பது. யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். கல்யாண வயதில் மகள்; அம்மா விரதம்; வேறென்ன? மகளுக்கு வரன் தட்டிப்போகிறது போலிருக்கிறது என்று பேச்சு பரவி, எனக்கு ஜாதகங்கள் வரத் தொடங்கின. அம்மா ஓட்ஸ் சாப்பிட்டதற்கு எனக்கு மூன்று மாப்பிள்ளைகள்.

இரண்டாவது குடைச்சல் வாழை இலையில் வந்தது.

பரவை அக்காவின் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். அழகர்கோவிலுக்கு ஆள் ஏற்றிப் போவது அவருக்கு வாடிக்கை. அடுத்த திங்கட்கிழமை அக்கா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"அழகருக்குன்னு விரதம் இருக்கீங்க. அதான் அவருகிட்டருந்தே வாங்கியாரச் சொன்னேன்."

அழகர்கோவில் தோசையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அது நம் வீட்டுத் தோசைக்குத் தூரத்து உறவுகூட இல்லை. உளுந்தும் மிளகும் மணக்க, உள்ளங்கைத் தடிமனில், நெய்யில் வெந்து, இலைக்கு மேல் சுற்றிய காகிதத்தைக் கண்ணாடியாக்கிவிடும். அதை விட முக்கியம், அது பிரசாதம். வேண்டாம் என்று சொல்ல எந்த விரதத்திலும் இடமில்லை.

"ஒரு கிள்ளு போதும்மா" என்றேன் அன்று மாலை.

அம்மா கண்ணில் ஒற்றி ஒரு கிள்ளு போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு கிள்ளு. "பிரசாதத்த மிச்சம் வைக்கக்கூடாதுடி" என்றபோது இலையில் மிளகு மட்டும் இருந்தது.

வேன் வாராவாரம் போனது. தோசையும் வாராவாரம் வந்தது. செய்தி தெரிந்து எதிர்வீட்டிலிருந்தும் வந்தது. "நீங்க விரதம்னு கேள்விப்பட்டேன், அழகர் மலைக்குப் போனோம், உங்க ஞாபகம் வந்துச்சு" என்று அறிமுகமே இல்லாத ஒருவர் தெப்பக்குளத்து நடையில் நிறுத்திக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் என் ஓட்ஸ் டப்பா மூலைக்குப் போனது. வீட்டிலேயே சந்தோஷமாக இருந்தவர் அப்பா மட்டும்தான்.

"விரதம்னா இப்பிடில்ல இருக்கணும். இதுவரைக்கும் இருந்ததெல்லாம் ஒரு விரதமா?"

ஒரு காலையில், விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் அம்மாவுக்குச் சோதித்தேன். எண் ஏறியிருந்தது. டாக்டரம்மா பார்த்தபோது இருந்ததைவிட அதிகம். நான் ஏதேதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்; கருவி பழசு, நேற்றுத் தூக்கம் சரியில்லை என்றெல்லாம். அம்மா கேட்கவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"அக்காவுக்கும் இப்பிடித்தான்டி. யாரும் வெசம் குடுக்கல. ஆளாளுக்குப் பாசமாத்தான் குடுத்தாக."

அந்த வாரமே பேரையூரில் காதுகுத்து. அப்பாவின் தங்கை, என் அத்தை, தன் பேரனுக்கு வைத்திருந்த விசேஷம். கிடாய் வெட்டிச் சமையல். பந்தியில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. அம்மாவுக்கு மட்டும் ஓரத்தில் ஓர் இலை போட்டு, அதில் ஏற்கெனவே சர்க்கரைப்பொங்கலும் இரண்டு வடையும் வைத்திருந்தார்கள். அத்தை பாயச வாளியோடு வந்து நின்றார்.

"விரதக்காரவுகளுக்குன்னு தனி அடுப்புல, தனிப் பாத்திரத்துல செஞ்சது, மதினி. கையை எடுங்க."

அம்மா இரண்டு கையாலும் இலையை மூடியிருந்தார். "வேணாம்த்தா. ரசமும் சோறும் போதும்."

"அதெப்பிடி? எம் மருமகளுக்கு நல்ல எடம் அமையணும்னு வாயக் கட்டிக் கெடக்கீக. வந்த எடத்துல பாயசம்கூட இல்லாம அனுப்பிருவேனா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அப்பளத்தை உடைப்பதில் மும்முரமானேன்.

"இவளுக்காக இல்லத்தா இந்த விரதம்" என்றார் அம்மா.

அத்தைக்கு முகம் மாறியது. "அண்ணனுக்கா? ஆத்தாடி, அண்ணனுக்கு என்ன?"

பந்தி முழுவதும் அப்பா பக்கம் திரும்பியது. எதிர் வரிசையில் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த அப்பா அப்படியே நிறுத்தி, தனக்கு என்ன என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார்.

"ஒங்க அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. அவரு எலும்பு உறிஞ்சுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"பெறகு யாருக்குத்தான் மதினி?"

அம்மா இலையை இன்னும் இறுக்கி மூடினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு."

பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். எனக்கு அடுத்த இலையில் இருந்த வயதான ஆத்தா ஒருவர் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுத் திரும்பினார்.

"தனக்குத்தானே யாராச்சும் நேந்துக்குவாகளா? நான் கேட்டதே இல்ல. புருசனுக்கு இருப்போம், புள்ளைக்கு இருப்போம். ஒரு தடவ எங்க வீட்டு ஆட்டுக்கு நோவு வந்துச்சு, அதுக்குக்கூட நான் ஒருபொழுது இருந்தேன்."

"ஆட்டுக்கு இருந்தீகள்ல, ஆத்தா?" என்றார் அம்மா. "நான் எனக்கு இருக்கக்கூடாதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இலையை மூடிய கையையும் எடுக்கவில்லை.

"எனக்குச் சக்கரை எல்லையில நிக்கிது. எங்க அக்காவுக்கு ரெண்டு வெரலு போச்சு, நான்தான் கட்டுப் பிரிச்சேன். எனக்குப் பத்தும் வேணும். பாயசம் போடுறதுன்னா என் தலையில ஊத்திட்டுப் போத்தா, இலையில போடாத."

அத்தை வாளியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியதா, புகையா என்று தெரியவில்லை. அதற்குள் ஆத்தா ஓர் அதட்டல் போட்டார்.

"ஏத்தா, வாளிய அங்கிட்டுக் கொண்டு போ. விரதக்காரவுக மொகத்துக்கு முன்னால ஆட்டிக்கிட்டு!"

ரசம் வந்தது. அம்மா சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் அந்த ஆத்தா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, ரகசியம் போல, "எனக்குங்கூடக் காலு மதமதன்னு இருக்குத்தா, எறும்பு ஊர்ற மாதிரி. அது என்னான்னு பாக்கணுமோ?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் அம்மாவின் பதிலுக்காக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் ஓரத்தில் நாலைந்து பெண்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி ஆளுக்கு ஆள் கால் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்த வீடியோக்களில் எதிலும் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. டாக்டரிடம் போங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்ல, அவர்கள் என்னிடம் ஜாதகம் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வாய் திறந்துவிட்டது. பரவை அக்காவிடம் நேராகச் சொன்னார். "எனக்குச் சக்கரை. உங்க தோசை நெய்யா ஒழுகுது. சாமி மேல சத்தியமா இனிமே முழுசா தின்ன மாட்டேன்."

அக்கா பதறிப்போனார். "மொதல்லயே சொல்லிருந்தா நான் வெறும் துளசியில்ல வாங்கியாரச் சொல்லிருப்பேன்!"

சொன்னாரே தவிர, வேன்காரர் தோசையை நிறுத்தவில்லை, பழகிவிட்டார். அம்மா அதை மறுநாள் தெப்பக்குளத்துக்குக் கொண்டுபோய், நடக்கிற பெண்களுக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். பிரசாதம் என்பது பகிர்ந்து தின்பதற்குத்தானே என்று கேட்டார். அவருக்குக் கடைசியில் ஒரு கிள்ளுதான் மிஞ்சியது. அந்தக் கிள்ளுத் தோசையை ருசி கண்டு சேர்ந்தவர்கள்தான் இன்று அம்மாவோடு நடக்கிற கூட்டம். அப்பாவுக்குத்தான் பெரிய இழப்பு. "பிரசாதத்த வீட்டு ஆம்பளைக்குக் குடுக்காம ஊருக்குக் குடுக்குறது எந்தச் சாத்திரம்?" என்று இரண்டு நாள் சோர்ந்திருந்தார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். அவர் காகிதத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் அம்மா செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தார்.

"கோட்டுக்கு உள்ள வந்துட்டீங்க. மாத்திரை வேணாம். இப்பிடியே இருங்க."

"எம்புட்டு நாளைக்கு டாக்டர்?"

"எப்பவும்தான்."

எனக்கு எதிலும் ஒரு முடிவு தேதி வேண்டும். அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

வீட்டில் அப்பா இரண்டு டம்ளர் ஜிகர்தண்டா வாங்கி வைத்துக் காத்திருந்தார். "விரதம் முடிஞ்சிருச்சுல்ல? உக்காரு, குடி."

அம்மா நேராகக் காலண்டருக்கு முன்னால் போனார். மணிக்கட்டிலிருந்த நூல் வெளுத்துப் பிரிந்திருந்தது. அதை அவிழ்த்து வைத்தார். அப்பா டம்ளரை நீட்டிக்கொண்டே அவர் பின்னால் நின்றார். அம்மா புது நூலை எடுத்து மஞ்சள் தடவினார். பல்லால் ஒரு முனையைப் பிடித்து முடிச்சை இறுக்கினார்.

"அழகரே, போன தடவ இவ பொய்யச் சமாளிக்கக் கட்டுனது. இது நானா கட்டுறது. நாள் கணக்கெல்லாம் கேக்காதப்பா."

ஜிகர்தண்டாவை அப்பாதான் குடித்தார், இரண்டையும்.

மறுநாள் விடிவதற்கு முன் அம்மா என் போர்வையை இழுத்தார். சில வாரங்களாக இந்த நேரத்தில் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. இப்போது எனக்கு நீச்சல் மேல் ஆர்வம் வந்திருக்கிறது. அதைப் பற்றி இரவு வெகுநேரம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

"நாளைக்கு வாரேன்மா."

"வந்தா வா, வராட்டிப் போ. எனக்கு அங்க ஆள் இருக்கு."

வாசற்கதவு சாத்திய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தெப்பக்குளத்தின் தென்கரையில் அம்மா தன் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார், கைப்பை இல்லை, யாரிடமும் மாமியாரை விசாரிக்க நிற்கவுமில்லை. அவர் எட்டிப் போட்ட நடையைப் பிடிக்க ஓடியதில் எனக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, மெதுவாப் போம்மா! நில்லும்மா!"

அம்மா நிற்கவில்லை. திரும்பவும் இல்லை. மஞ்சள் நூல் கட்டிய கையை மட்டும் மேலே தூக்கி ஆட்டினார்.

"என்னடி, உனக்கும் நான்தான் நேந்துக்கணுமா?"